முத்துப் பாரும் கணக்கிடும் காமிராவும்

தூத்துக்குடிக் கடலின் அடியில் 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகள் உள்ளன. முத்துச்சிப்பிகள் வாழும் இடங்கள் இவை. 1961-ஆம் ஆண்டுச் சலாபத்துடன் இங்கு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அந்தப் பார்களை ஒரு காமிராவால் படமெடுத்தால் என்ன தெரியும்? எல்லாம் ஒரே நீலப்பச்சை. சற்றுத் தள்ளியிருப்பவை மூடுபனியில் மறைந்தாற்போல் மங்கிவிடும்.

காரணங்கள் இரண்டு. சிவப்பு ஒளியின் பெரும்பகுதியைப் பத்து மீட்டருக்குள்ளேயே நீர் விழுங்கிவிடுகிறது. நீரும் அதில் மிதக்கும் துகள்களும் ஒளியைச் சிதறடித்து, காமிராவின் முன் ஒரு திரையைத் தொங்கவிடுகின்றன.

இச்சிதறலை ஆராய்ந்த முன்னோடி சர் சி. வி. இராமன். 1921-இல் கப்பலில் தாயகம் திரும்பும்போது, நிக்கோல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பிரதிபலித்த வானொளி மறைந்தது; நீலமோ மறையவில்லை! கடல்நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பது அவருடைய முடிவு.

திரையை விலக்க நல்ல வில்லை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். காமிரா தருவது முடிந்த படமன்று, கணக்கிடுவதற்கான அளவீடு என்ற எண்ணம் 1990-களில் வலுப்பெற்றது. ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் எடுத்து, எந்தப் படமும் தனியே காட்டாத ஒளி வேறுபாடுகளைக் கணிப்பொறியால் மீட்கும் முறையை 1997-இல் பால் டெபெவெக்கும், இந்தியாவிலிருந்து சென்ற ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்டனர். 2005-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இத்துறைக்கென ஆய்வரங்கு கூடியது. 2009-இல் பன்னாட்டு மாநாடு தொடங்கியது. 'கணிப்பு ஒளிப்படவியல்' தனித் துறையாயிற்று.

கடலுக்குள்ளும் அது இறங்கியது. 2004-இல் ஷெக்னரும் கார்பெலும் முனைவாக்கும் வடிகட்டியைத் திருப்பி, இரு படங்கள் எடுத்தனர். சிதறிய ஒளி அவற்றில் வேறுபட்ட அளவில் பதிவதால், கணக்கிட்டுத் திரையை நீக்க முடிந்தது. இராமனின் பட்டகம் செய்த வேலையும் முனைவாக்கமே அல்லவா? 2019-இல் அக்காய்னக், டிரெய்பிட்ஸ் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், பல படங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் கணித்து, நீர் விழுங்கிய நிறத்தை மீட்டனர். மூடுபனிக்குரிய சமன்பாடு கடலுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் காட்டினர்.

இதனால் நமக்கென்ன பயன்? மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2016-இல் வெப்பத்தால் வெளிறின. பவளத்தின் நலத்தை அதன் நிறமே முதலில் சொல்கிறது. படத்துக்கு அழகூட்டினால் நோய் மறைந்துவிடக்கூடும். இழந்த நிறத்தைக் கணக்கிட்டு மீட்டால் நோய் தெரியும். அழகூட்டுவது வேறு, உண்மையை மீட்பது வேறு. இவ்வேறுபாட்டை மறவாதவரை, காமிராவின் கணக்கை நாம் நம்பலாம்.