மாண்ட்ரியலின் பேஸ்பால்: போன அணியும் நின்ற சொற்களும்

2004 செப்டம்பர் 29 அன்று மாண்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கில் 31,395 பேர் திரண்டிருந்தனர். தங்கள் அணியான எக்ஸ்போஸ் வாஷிங்டனுக்கு மாற்றப்படுகிறது என்ற அறிவிப்பு அன்றுதான் வெளியானது. அன்றிரவு அந்த அணி புளோரிடா மார்லின்ஸிடம் 9-1 என்ற கணக்கில் தோற்றது. சொந்த மண்ணில் அதுவே அதன் இறுதி ஆட்டம். மாண்ட்ரியல் ஐஸ் ஹாக்கியின் நகரம், பிரெஞ்சு பேசும் நகரம், அங்கே பேஸ்பால் வேர்விடவே இல்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். நூறாண்டு வரலாறு இவ்விளக்கத்தை ஏற்கவில்லை.

அந்நகரின் தொழில்முறை பேஸ்பால் 1897இல் ராயல்ஸ் அணியுடன் நிலைபெற்றது. 1917இல் நின்றுபோன அவ்வணி, 1928இல் டிலோரிமியே அரங்கில் மீண்டும் எழுந்தது. 1939 முதல் அது நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கழகத்தின் துணை அணியாயிற்று. துணை அணி என்பது பயிற்சிக் களம். அங்கு முதிரும் வீரர்களைத் தாய்க் கழகம் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். களமும் கைதட்டலும் மாண்ட்ரியலுக்கு, முடிவுகள் புரூக்ளினுக்கு என்பதே ஏற்பாடு.

1945 அக்டோபர் 23 அன்று ஜாக்கி ராபின்சன் ராயல்ஸில் ஒப்பந்தமானார். அமெரிக்காவின் முதன்மை அணிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கறுப்பின வீரர்களுக்குக் கதவடைத்திருந்தன. அத்தடையை உடைக்க எண்ணிய டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, முதற்படியை எல்லைக்கு அப்பால் வைத்தார். 1946 ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ராபின்சன் ஒரு ஹோம் ரன் உட்பட நான்கு ஹிட்கள் அடித்தார். அவ்வாண்டின் லீக்கில் மிக உயர்ந்த மட்டை சராசரி அவருடையது.

ராபின்சன் தம்பதியர் பிரெஞ்சு பேசும் மக்கள் வாழ்ந்த வில்லரே பகுதியில் குடியிருந்தனர். கருவுற்றிருந்த ரேச்சல் ராபின்சனுக்கு அண்டை வீட்டுப் பெண்கள் துணைநின்றனர். அதை அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். சாம்பியன் பட்டத் தொடர் அமெரிக்காவின் தென் மாநிலமான கென்டக்கியின் லூயிவில் நகரில் தொடங்கியபோது, பார்வையாளர்கள் ராபின்சனை இகழ்ந்து கூச்சலிட்டனர். தொடர் மாண்ட்ரியலுக்கு வந்ததும், அந்நகர மக்கள் லூயிவில் வீரர் ஒவ்வொருவரையும் அவ்வாறே கூச்சலிட்டு எதிர்கொண்டனர். ராயல்ஸ் 4-2 என்ற கணக்கில் தொடரை வென்றது. மகிழ்ச்சியில் பெருங்கூட்டம் ராபின்சனைத் தெருவரை துரத்திச் சென்றது.

இதைக் கொண்டு மாண்ட்ரியலை நிறவெறி அறியாத நகரம் என்று கொண்டாடுவது தவறு. அந்நகரின் மதுக்கூடம் ஒன்று பிரெட் கிறிஸ்டி என்ற கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுத்ததைக் கனடிய உச்ச நீதிமன்றம் 1939இல் சட்டப்படி செல்லும் என்றே தீர்ப்பளித்திருந்தது. ஒரு மதுக்கூடத்தின் வாயிலில் மறுக்கப்பட்ட மதிப்பு, ஆட்டக்களத்தில் ஒருவருக்கு வழங்கப்பட்டது என்ற அளவில்தான் 1946ஐப் புரிந்துகொள்ள வேண்டும்.

மறு ஆண்டே ராபின்சன் புரூக்ளினுக்குச் சென்றார். டாட்ஜர்ஸ் கழகம் 1958இல் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறியது. 1960உடன் ராயல்ஸ் கதையும் முடிந்தது. ரசிகர் கையில் எதுவும் இருக்கவில்லை.

1969இல் எக்ஸ்போஸ் பிறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் மேஜர் லீக் அணி அது. 1967இல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியை நினைவூட்டும் அப்பெயர், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுபோல் எழுதப்படும். இரு மொழிகள் உரிமைக்காக மோதிக்கொண்டிருந்த காலத்தில் அது பொருள் பொதிந்த தேர்வு. கியூபெக் மாகாணம் 1974இல் பிரெஞ்சை ஆட்சிமொழியாக்கியது. 1977இல் மொழிச் சாசனத்தை இயற்றியது.

ஆட்டத்துக்கும் பிரெஞ்சில் ஒரு மொழி தேவைப்பட்டது. பத்திரிகைகளும் வானொலியும் அதைச் செதுக்கின. 1972 முதல் 2004 வரை எக்ஸ்போஸின் பிரெஞ்சுக் குரலாக விளங்கிய ழாக் தூசேயின் பங்கு அதில் பெரிது. பந்தெறிபவர் 'லான்சர்' ஆனார். வெளிக்களத் தடுப்பாளர் 'வொல்திழர்', அதாவது தாவி வித்தை காட்டுபவர், ஆனார். சுழலாமல் காற்றில் தள்ளாடி வரும் 'நக்கிள்பால்' என்னும் பந்து 'பால் பபியோன்' என, பட்டாம்பூச்சிப் பந்தாக மாறியது. ஆங்கிலச் சொல்லைக் கடன்வாங்காமல், பந்தின் பறத்தலைக் கண்ணால் பார்த்துப் பெயரிட்ட சொல் அது. அணியை மக்கள் 'நோஸ் அமூர்', நம் அன்புக்குரியோர், என்று அழைத்தனர்.

அந்த அன்புக்கு எண்ணிக்கைச் சான்றும் உண்டு. 1982, 1983 ஆகிய இரு ஆண்டுகளிலும் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அரங்குக்கு வந்தனர். 2001இல் அது 6.5 இலட்சத்துக்கும் கீழே சரிந்தது. இடையில் நிகழ்ந்தவற்றுள் முதன்மையானது 1994. அவ்வாண்டு 74 வெற்றி, 40 தோல்வி என்று எக்ஸ்போஸ் அனைத்து அணிகளுக்கும் முன்னே நின்றது. ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய வீரர் வேலைநிறுத்தம் பருவத்தையே விழுங்கியது. இறுதித் தொடர் நடக்கவில்லை. மறு ஆண்டு தொடங்குமுன் செலவைக் குறைக்க லாரி வாக்கர், மார்க்கி கிரிசம் உள்ளிட்ட முன்னணி வீரர் நால்வரைக் கழகம் கைவிட்டது.

வருவாய் பெரும்பாலும் கனடிய டாலரில், வீரர் ஊதியமோ அமெரிக்க டாலரில். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கனடிய டாலரின் மதிப்பு 65 அமெரிக்க சென்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. 2000ஆம் ஆண்டுப் பருவம் ஆங்கிலத் தொலைக்காட்சி, வானொலி ஒப்பந்தம் இன்றியே தொடங்கியது. 2002இல் லீக்கே அணியை வாங்கியது. 2003, 2004 ஆண்டுகளில் சில 'சொந்த மண்' ஆட்டங்களைப் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குக் கொண்டுசென்றது. இவற்றுக்குப் பின் காலியான இருக்கைகளைச் சுட்டி அன்பில்லாத நகரம் என்பது, விளைவைக் காரணமாகக் காட்டும் வாதம்.

2014இல் டொராண்டோ புளூ ஜேஸ் ஆடிய இரு காட்சி ஆட்டங்களுக்கு அதே ஒலிம்பிக் அரங்கில் 96,350 பேர் கூடினர். கழகத்தின் உரிமை கைமாறக் கூடியது. அது வாஷிங்டனுக்குச் சென்றுவிட்டது. ஒரு நகரம் தன் மொழியில் ஆட்டத்துக்கு இட்ட பெயர்களை எந்த ஒப்பந்தத்தாலும் இடம்பெயர்க்க இயலவில்லை. கியூபெக்கின் பிரெஞ்சு வர்ணனையில் தள்ளாடி வரும் அப்பந்து இன்றும் பட்டாம்பூச்சிதான்.