மரகதம் தேடுதலும் பழைய மணிக்குழிகளும்

மரகதம் தேடுதல் என்பது, கைவிடப்பட்ட இரத்தினச் சுரங்கங்களையும் அவற்றைச் சூழ்ந்த கழிமண் மேடுகளையும் ஓடைகளையும் நாடிச் சென்று, வாணிக நோக்கம் சிறிதுமின்றி, பொழுதுபோக்காகவும் கனிமங்களை அறியும் ஆசையாலும் பச்சைக்கல்லையும் அதன் இனத்து மணிகளையும் பொறுக்கிச் சேர்க்கும் பழக்கமாகும். தமிழ்நாட்டில் இதற்குரிய களம் காங்கேயத்தைச் சூழ்ந்த கொங்குநாட்டு மேட்டு நிலம். இதற்கு மாறாக, தெற்கே அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய வானம்பார்த்த பிரதேசத்தில், பாலவனத்தம் என்னும் ஊரின் கரிசலில் நின்றுகொண்டு மரகதத்தைத் தேடுபவனுக்கு அது அகப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். ஆயினும் ஏன் அகப்படாது என்பதை விசாரிக்கப் புகுந்தால், எங்கே அகப்படும் என்பதும் அவ்விசாரணையிலேயே தெளிவாகிவிடும்.

மரகதம் பெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. பெரிலியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவை கூடி, ஆறு பட்டைகளையுடைய தூணைப்போல் வளரும் இக்கனிமம் சுத்தமான நிலையில் நிறமற்றது. அதனுள் இரும்பு சிறிதளவு புகுந்தால் கடல்நீரின் நீலப் பசுமை தோன்றி அக்வாமரீன் ஆகிறது. குரோமியமோ வனேடியமோ புகுந்தால் மரகதமாகிறது. இந்தப் பச்சைக்குக் காரணம் குரோமியமே என்று கண்டவரும், பெரிலியம் என்னும் தனிமம் பெரிலுக்குள் இருப்பதை 1798-இல் அறிவித்தவரும் வோக்லான் என்ற ஒரே பிரெஞ்சு இரசாயன சாஸ்திரியார்தாம். பெரிலியம், கருங்கல் குழம்பு ஆறும்போது கடைசியாக எஞ்சும் வடிசலாகிய பெக்மடைட் நரம்புகளில் தங்குவது. குரோமியமோ, சிலிக்கா குறைந்து மக்னீசியம் மிகுந்த கரும்பாறைகளில் உறைவது. இவை இரண்டும் சுபாவத்தில் ஒன்றையொன்று விலகி நிற்பவை. எங்கேனும் ஓரிடத்தில் பெக்மடைட் நரம்பு கரும்பாறையைத் துளைத்துக்கொண்டு சென்று, இரண்டுக்கும் இடையே காக்காய்ப்பொன் செறிந்த ஏடுகள் விளையும்போதுதான் அவ்வேடுகளுக்குள் மரகதம் பிறப்பதற்கு வழி ஏற்படுகிறது. உலகத்து மரகதங்களில் ஒரு பெரும் பங்கு இவ்வாறு பிறந்ததே; கொலம்பியா நாட்டின் மூசோ, சிவோர் மரகதங்களோ கருங்களிப்பாறையிலும் சுண்ண நரம்பிலும் விளைந்து, இவ்விதிக்குப் புறம்பாக நிற்கின்றன.

இனிப் பாலவனத்தத்துக்கு வருவோம். இவ்வூரிலும் தெற்கே பந்தல்குடியிலும் கரிசலுக்கு அடியில் கிடப்பது, மிகப் பழைய காலத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வெந்து படிகமாக மாறிய சுண்ணாம்புப் பாறை. இக்காலத்தில் சிமெண்டு ஆலைகளுக்கு அது உணவாகிறது. இவ்வகைப் பாறையில் டயாப்சைடு என்னும் பச்சைக் கனிமமும் சிவந்த கார்னெட்டும் இயல்பாக விளையக்கூடியவை. ஆகவே சுண்ணாம்புக் குழியின் ஓரத்தில் உழவர் கண்ணுக்குப் படும் பச்சைப் பொடிக்கல் டயாப்சைடாக இருப்பதற்கே நியாயம் அதிகம். அதையும் விஞ்சி இப்பக்கத்தில் மரகதமாக வேஷம் போடுவது ஒன்றுண்டு. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மண் கரைந்த மிளகாய்த் தோட்டத்து வரப்பில் வெயில் சாய்ந்து விழும் வேளையில், பச்சையாக ஒன்று மின்னும். எடுத்து வேட்டி முனையில் துடைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், உள்ளே ஊசிமுனை போன்ற காற்றுக் குமிழிகள் தெரியும். விளிம்பு சிப்பியின் உட்புறம்போல் வளைந்து உடைந்திருக்கும். அது கோலி சோடாப் புட்டியின் துண்டு. இம்மணியைக் கண்டெடுக்காத சிறுவன் இவ்வட்டாரத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

மரகதம் என்னும் சொல்லையும் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டியிருக்கிறது. திருச்சுழிக்குக் கிழக்கே, இராமநாதபுரத்துச் சீமையிலுள்ள உத்தரகோசமங்கையில் ஆள் உயரத்து மரகத நடராஜர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் இருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்புக் களையப்பட்டுத் தரிசனம் தருவதை இப்பக்கத்தார் அனைவரும் அறிவர். கனிம சாஸ்திரம் கூறும் மரகதம் விரலளவில் குற்றமின்றிக் கிடைப்பதே அருமை. ஆள் உயரத்துக்கு ஒரே படிகமாக அது வளர்வதில்லை. ஆகவே கோயில் வழக்கில் மரகதம் என்பது உயர்ந்த பச்சைநிறக் கற்கள் பலவற்றுக்கும் பொதுவான பெயராக வழங்கியது என்று கொள்வதே பொருத்தம். இதனால் அத்திருமேனியின் மகிமை குறையப்போவதில்லை. சொல்லின் எல்லைதான் விளங்குகிறது. வைடூரியத்தின் கதையும் இத்தகையதே. இன்று பூனைக்கண் கல்லைக் குறிக்கும் இச்சொல் பழங்காலத்தில் பெரிலைக் குறித்தது என்பதும், பிராகிருதத்தில் வேருலியம் ஆகி, கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆகி, ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடிக்கு வழங்கும் பிரில்லே வரையில் யாத்திரை செய்தது என்பதும் மொழிநூலாரின் அபிப்பிராயம். நம் ஏடுகளிலும் மணிகளுக்குக் குறைவில்லை: மதுரை நகரின் இரத்தினக் கடைத்தெருவைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மணிகளின் குணமும் குற்றமும் தோன்ற வருணிக்கிறது. திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் என்றே ஒரு படலமுண்டு. நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் மதுரையில் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தத்து ஜமீன்தார் என்பதை நினைக்கும்போது, மண்ணில் விளையாத மரகதம் இவ்வூருக்கு ஏட்டின் வழியாகவேனும் வந்து சேர்ந்தது எனலாம்.

கொங்குநாட்டு மணிகளின் சரித்திரம் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் தொடங்குகிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற பெயரால் குறிக்கப்படும் இவ்வூரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் பல பருவங்கள் நடத்திய அகழாய்வில், பெரில், படிகம், சூதுபவளம் முதலிய கற்களை அறுத்து, தேய்த்து, துளையிட்டு மணியாக்கிய பட்டறைகளின் அடையாளங்கள் வெளிப்பட்டன. முடிந்த மணிகளோடு, பாதி துளையிட்டபோது உடைந்து எறியப்பட்டவையும் கிடைத்தன. ரோமாபுரியின் பிளினி, பெரில் பிற இடங்களில் அரிதாகவும் இந்தியாவில் மிகுதியாகவும் கிடைப்பதென்றும், இந்தியர் அதனை நீண்ட வடிவிலேயே விரும்புவர் என்றும் எழுதியதோடு நில்லாமல், படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்வதிலும் அவர்கள் வல்லவர்கள் என்று ஒரு குத்தலும் வைத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிய கிராமங்கள் செயற்கைக் கல் பட்டை தீட்டுவதில் பெயர்பெற்றதைப் பிளினி காணக் கொடுத்துவைக்கவில்லை.

இவ்வட்டாரத்தின் பழைய குழிகளுள் பிரசித்தமானது காங்கேயத்தை அடுத்த படியூரில் இருந்தது. பிற்காலத்தில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை நிறுவிய ஹீத் என்னும் ஆங்கிலேயர், 1819, 1820 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இங்கே வேலை நடத்தி 2,196 அக்வாமரீன் கற்களை எடுத்தார். அவற்றின் மதிப்பு 1,201 பவுன் என்று கணக்கிடப்பட்டது. அக்காலத்துக்கு இது சிறிய தொகையன்று. படியூருக்குச் செல்பவர் மலையைக் குடைந்த குகையையோ தூண் நிறுத்திய சுரங்கத்தையோ எதிர்பார்த்தால் ஏமாற்றமடைவார். இந்நாட்டு மணிக்குழி பெரும்பாலும் கிணற்றுக்கு உடன்பிறப்பு. சிதைந்த பெக்மடைட் நரம்பைப் பின்பற்றிச் செங்குத்தாக இறங்கி, தண்ணீர் ஊறியதும் கைவிடப்படுவதே அதன் வாழ்க்கை. சற்றே தள்ளிச் சிவன்மலையில் குருந்தம் அடங்கிய சயனைட் பாறைகள் உள்ளன. அவற்றைப்பற்றி ஹாலண்டு என்பவர் எழுதிய விரிவான ஆராய்ச்சியை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1901-இல் வெளியிட்டது. சந்திரகாந்தக் கல்லும் கார்னெட்டும் காங்கேயம், கரூர்ப் பகுதிகளுக்கே உரிய விளைச்சல்கள்.

படியூரில் கிடைத்தது மரகதத்தின் வெளிறிய தங்கையே. உண்மையான மரகதம் தமிழ்நாட்டில் கிடைப்பதை இரத்தினவியலார் அறிவித்தது 1990-களில்தான். இடம், சேலம் மாவட்டத்தில் அந்நாளைய சங்ககிரி வட்டத்தைச் சேர்ந்த இடைப்பாடி, கொங்கணாபுரம் பக்கம். சங்ககிரி, திருச்செங்கோட்டுக் கருங்கற்களும் அவற்றின் பெக்மடைட் நரம்புகளும் ஒருபுறம், சித்தம்பூண்டி முதலிய இடங்களில் குரோமியம் தாங்கிய பாறைகள் மறுபுறம் என்று அமைந்த அந்நிலத்தின் இயல்பை அறிந்தவருக்கு இச்செய்தி வியப்பாக இராது. இதற்கு வெகு முன்பே, வடக்கே இராஜஸ்தானத்தில் காலிகுமான் என்னும் இடத்தில் மரகதம் 1943-இல் வெளிப்பட்டிருந்தது.

தேடும் முறையில் இரகசியம் ஒன்றுமில்லை. கண்ணும் பொறுமையும்தான் முதல். மழைக்குப் பின் முதல் வாரமே உகந்த காலம், ஏனெனில் மழை செய்யும் சலிப்பை எந்தச் சல்லடையும் செய்வதில்லை. காலையிலோ மாலையிலோ, வெயில் தாழ இருக்கும்போது கதிரவனை எதிர்நோக்கி மெல்ல நடக்க வேண்டும். முதலில் தேட வேண்டியது மணியையன்று, அதன் சுற்றத்தை: வெங்கச்சங்கல், காக்காய்ப்பொன் ஏடு, வெளிறிய செந்நிறப் பெல்ஸ்பார் ஆகிய மூன்றும் கலந்து சிதறிக் கிடக்கும் இடத்தில்தான் பெரில் இருக்கக்கூடும். ஐயத்துக்குரிய கல் அகப்பட்டால், மண்ணை நீரால் கழுவிவிட்டு, முனையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பக்கங்களை எண்ண வேண்டும். ஆறு பக்கமும் தட்டையான தலையும் இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. தலை கூம்பி, பக்கங்களில் குறுக்கே கோடுகள் ஓடினால் அது வெறும் படிகம். பேனாக்கத்தி பெரிலைக் கீறாது. பெரில் வெங்கச்சங்கல்லைக் கீறும். பாலவனத்தத்துச் சுண்ணப் படிகமோ கத்திக்கு உடனே இளகிவிடும். அதன் பொடியில் புளிக்காடியை இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கும். எடுத்த கல்லுக்கு எண்ணெய் பூசும் வழக்கம் வியாபாரிகளிடம் உண்டு. மரகதத்தின் உட்கீறல்களை அது மறைக்கும். பொழுதுபோக்காகத் தேடுபவனுக்கு அது வேண்டாத வேலை.

மேனாடுகளில் இப்பழக்கம் ஒழுங்குபட்ட பொழுதுபோக்காகிவிட்டது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹிடனைட் என்னும் ஊரில், கட்டணம் செலுத்தியவர்கள் ஓடையிலும் மண்மேட்டிலும் மரகதம் தேடலாம். ஆஸ்திரியாவின் ஹபாக் பள்ளத்தாக்கில் கோடைகாலத்தில் குடும்பம் குடும்பமாக மலையேறி, சுரங்கத்திலிருந்து ஓடையில் அடித்துவந்த சரளையைச் சல்லடையிட்டு அரிப்பவர்களைக் காணலாம். எகிப்தில் கிளியோபாட்ராவின் சுரங்கம் என வழங்கும் சிக்கைத் பள்ளத்தாக்குக் குழிகளை, காயோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1810-களில் மீண்டும் கண்டறிந்தார். இன்று அங்கே செல்பவர் காண்பவை பெரும்பாலும் குழிகளும் பாழடைந்த கட்டடங்களுமே. நமக்கு அண்மையில் இலங்கையின் இரத்தினபுரி, மணல் கலந்த மணிச்சரளையைக் கூடையில் அலசும் காட்சிக்குப் பேர்போனது. ஆனால் அது நீலத்துக்கும் புட்பராகத்துக்கும் உரிய ஊர், மரகதத்துக்கு அன்று.

நம் நாட்டில் சட்டத்தின் நிலை வேறு. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமமோ குத்தகையோ இன்றித் தோண்டுதல் குற்றமாகும். போதாக்குறைக்கு, அணு உலைகளில் பெரிலியத்துக்கு உபயோகம் இருப்பதால், பெரில் என்னும் கனிமம் அச்சட்டத்தின் அணுக்கனிமப் பட்டியலில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. 2023-இல் செய்யப்பட்ட திருத்தமே அதனை அப்பட்டியலிலிருந்து நீக்கி, முக்கியக் கனிமங்களின் வரிசையில் சேர்த்தது. படியூர்க் காட்டில் கண்டெடுத்த நீலக்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட சாதுவான பள்ளி ஆசிரியர், தாம் எடுத்தது அணுக்கனிமம் என்று கேட்டால் திடுக்கிட்டிருப்பார். ஆகவே மண்வெட்டியும் கடப்பாரையும் வீட்டிலேயே இருக்கட்டும். நிலத்துக்காரரின் அனுமதியுடன் மேற்பரப்பைப் பார்வையிடுவதோடு நிற்பதே முறை. கொடுமணல் போன்ற தொல்லியல் இடங்களிலோ, தரையில் கிடக்கும் உடைந்த மணியையும் ஓட்டுச் சில்லையும்கூட எடுத்தல் ஆகாது. அவை கிடக்கும் இடமே ஆராய்ச்சியாளருக்குச் சான்று.

அபாயங்களையும் சொல்ல வேண்டும். முட்செடி மூடிய பழங்குழி விளிம்பு காலடியில் சரிந்துவிடும். ஆழத்தில் கெட்ட காற்று தேங்கியிருக்கும். நிழலான கற்பொந்துகளில் விரியன் படுத்திருக்கும். தனியே போவதும் உள்ளே இறங்குவதும் கூடவே கூடாது.

சேகரிப்பவர்களிடம் காணும் பெருங்குறை, கல்லை வைத்துக்கொண்டு ஊரை மறந்துவிடுவது. எங்கே, எந்த நிலத்தில், எந்தப் பாறைக்கு அருகில், எந்த நாளில் எடுத்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கட்டிவைத்தால், பாலவனத்தத்துக் கால்சைட் துண்டும் படியூர் அக்வாமரீனுக்கு நிகராக நிலவியலாருக்குப் பயன்படும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகமே 1851-இல் எட்வர்டு பால்பூர் பொறுப்பில் தொடங்கப்பட்டபோது, சென்னை இலக்கியச் சங்கத்தார் அளித்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டே தொடங்கப்பட்டது.