மேடையும் தடையும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் என்றும் கலைகளின் தாயகம் என்றும் அறிஞர் பலர் போற்றியுள்ளனர். ஆயினும் இம்மண்ணின் கலை வரலாற்றில் பலரும் புரட்டாத பக்கம் ஒன்று உண்டு. எக்கலை போற்றப்பட்டது, எக்கலை தடுக்கப்பட்டது, தடுத்தவர் யார் என்பதைக் கூறும் பக்கம் அது. நம் சமுதாய இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பறை நம் முன்னோரின் கருவி. பண்ணையார் வீட்டுச் சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அது முழங்கியது. ஏவியபடி முழங்கிய வரையில் அதனைத் தடுக்க எவர்க்கும் தோன்றவில்லை. உழைப்பவரின் குறையைச் சொல்லக் கலை வாய் திறந்தபோதுதான் சட்டம் விழித்தெழுந்தது.

அச்சட்டத்தின் கதை வங்காளத்தில் தொடங்குகிறது. அவுரி பயிரிட்ட குடியானவர்களை வெள்ளைத் துரைமார் வதைத்த கொடுமையைத் தீனபந்து மித்ரா 1860-இல் ‘நீல தர்ப்பணம்’ என்னும் நாடகமாக்கினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1861-இல் ஒரு மாதச் சிறைத் தண்டனையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் பெற்றார். பின்னர் ஆட்சியாளரை எள்ளும் நாடகங்கள் பெருகவே, 1876-இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்தது. அரசின்மீது வெறுப்பூட்டும் என்று அதிகாரி கருதினாலே போதும், நாடகத்தை நிறுத்தலாம். மீறினோர்க்கு மூன்று மாதம் வரை சிறை.

வெள்ளையர் சென்ற பின்னும் அவ்விலங்கு கழலவில்லை. 1954-இல் சென்னை மாநில அரசு தனியாக ஒரு நாடகச் சட்டத்தை இயற்றியது. நடிகவேள் எம். ஆர். இராதா இராமாயணத்தைப் பகுத்தறிவு நோக்கில் நடித்து வந்த காலம் அது. அவரை மனத்திற்கொண்டே அச்சட்டம் வந்தது என்று பரவலாகப் பேசப்பட்டது. அதற்கு அஞ்சி இராதா மேடையை விட்டு இறங்கவில்லை. ஆனால் சட்டமோ ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நிலைத்தது. நாடகக் கலைஞரும் எழுத்தாளருமான ஞாநி வழக்குத் தொடுத்து வாதாடியதன் பயனாக, அதன் முதன்மையான பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியதும் 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

நாடகத்துக்கு எழுத்துப்படி உண்டு. அதிகாரி அதனைக் கேட்டு வாங்கலாம். பாட்டுக்கு வாயே ஏடு. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழவெண்மணியில் நம் மக்கள் 44 பேர் குடிசையில் வைத்துத் தீக்கிரையாக்கப்பட்டனர். நாகை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரைப் பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மன்றத்தில் கிட்டாத நீதியைப் பாட்டு கேட்டது. கவிஞர் இன்குலாப்பின் சொற்கள் கே. ஏ. குணசேகரனின் குரலேறிச் சேரிதோறும் பரவின.

பாட்டுக்கும் சட்டம் தேடப்பட்டது. 2015 அக்டோபரில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய திருச்சிராப்பள்ளிப் பாடகர் கோவன், 1870-இல் வெள்ளையர் புகுத்திய அரச நிந்தனைப் பிரிவின்கீழ்க் கைதானார். குடியால் குலைந்த குடும்பங்களின் துயரைப் பாடியது இராசத் துரோகமாயிற்று!

நான்காண்டுகள் கழித்து இதே தஞ்சை மாவட்டத்தில் மற்றொரு வழக்கு எழுந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித், 2019 ஜூன் 5 அன்று திருப்பனந்தாளில் பேசுகையில், இராசராச சோழன் காலத்தில் ஒடுக்கப்பட்டோரின் நிலங்கள் பறிக்கப்பட்டன என்றார். கலகத்தைத் தூண்டியதாகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பழங்கால நில உடைமை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். அதனை ஆராய்ச்சி தீர்க்கட்டும். காவல் நிலையம் தீர்க்க வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பெயர் சுட்டி வெட்டப்பட்டுள்ளன. மன்னன் வெட்டுவித்த கல்லே சேரி தனித்திருந்ததைச் சாற்றும்போது, அது குறித்து ஒரு கலைஞன் வினவுவது எங்ஙனம் குற்றமாகும்?

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அவுரித் தோட்டம், கீழவெண்மணி, திருப்பனந்தாள் ஆகிய மூன்றிலும் அதிகாரம் அஞ்சியது நிலத்தைப் பற்றிய கேள்விக்கே. தடைகளைத் தகர்த்தவை துணிவும் சட்ட அறிவும் ஆகும். பாடத் தெரிந்தவர் நம்மில் பலர் உளர். சட்டம் பயின்றோர் இன்னும் பெருக வேண்டும். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தோரும் வேண்டும். கல்விக் கழகங்கள் தோன்றியதன் பயன் அதுவே. இளைஞர்களே, பறையைக் கையிலெடுங்கள். அதனோடு ஏட்டையும் எடுங்கள். ஏடறிந்தவன் அடிக்கும் பறையை எளிதில் எவரும் அடக்கிவிட இயலாது.