வாக்குரிமைப் போராட்டத்தில் தற்காப்புப் பயிற்சி: இங்கிலாந்து, 1910–1914

தற்காப்புப் பயிற்சியின் குறிக்கோள் எதிரியை வெல்வதா, ஆபத்திலிருந்து மீள்வதா என்னும் வினாவிற்கு இங்கிலாந்துப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் விடை தருகிறது.

1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றம் நோக்கிச் சென்ற பெண்களைக் காவலர்கள் கடுமையாகத் தாக்கினர். காக்க வேண்டியவர்களே தாக்கியதால் தற்காப்பு அரசியல் தேவையாயிற்று. ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய எடித் காருட் போராட்டப் பெண்களுக்கு ஜுஜுட்சு கற்பித்தார். எதிரியின் விசையை அவருக்கே எதிராகத் திருப்புவது இக்கலையின் அடிப்படையாதலின், உடல்வலிமைக் குறைவு தடையாகவில்லை.

உண்ணாநோன்பால் நலிந்த கைதிகளை விடுவித்து, உடல் தேறியபின் மீண்டும் சிறைப்படுத்தும் சட்டம் 1913இல் இயற்றப்பட்டது. தலைவர் எம்மலின் பாங்கர்ஸ்ட் மீண்டும் கைதாகாமல் தடுக்கப் பெண்களின் மெய்க்காவற்படை அமைந்தது. காருட் அதற்குப் பயிற்சியளித்தார். இந்திய உடற்பயிற்சி மரபினின்று ஐரோப்பா சென்ற கர்லாக்கட்டையை அப்பெண்கள் ஆடைக்குள் மறைத்து வைத்திருந்தனர்.

1914 பிப்ரவரியில் இலண்டனில், முகத்திரையணிந்த வேறொரு பெண்ணைக் காவலர்கள் தவறாகக் கைதுசெய்ய, பாங்கர்ஸ்ட் தப்பினார். மார்ச்சில் கிளாஸ்கோ மேடையில் படையினர் நேருக்குநேர் மோதியும் அவர் கைதானார். வலிமையை வலிமையால் எதிர்த்தபோது தோற்ற படை, எதிரியின் வேகத்தை வேறுதிசையில் திருப்பியபோது வென்றது. மீள்தலே தற்காப்பின் குறிக்கோள் என்பது இவ்விரு நிகழ்வுகளின் ஒப்பீட்டால் புலனாகிறது.