எலான் பள்ளத்தாக்கு: சத்தமில்லாத ஊர் உண்டான கதை

பர்மிங்ஹாம் நகரத்தில் குழாயைத் திறந்தால் வருவதில் பெரும்பங்கு அந்த ஊர்த் தண்ணி இல்லை. மேற்கே, வேல்ஸ் மலைகளுக்குள்ளே இருக்கிற எலான் பள்ளத்தாக்கில் பெய்த மழை அது. 73 மைல், அதாவது சுமார் 118 கிலோமீட்டர், மோட்டார் இல்லாமல் தானாகவே ஓடி வருகிறது. மகன் அங்கே வேலையில் இருப்பதால் போன கோடையில் ஒரு மாதம் அவனோடு தங்கியிருந்தேன். விவசாயி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்பது, தண்ணி எங்கேயிருந்து வருதுன்னுதானே? நானும் கேட்டேன். பதில் தெரிந்ததும், அந்த இடத்தை நடந்தே பார்க்கணும்னு தோணிடுச்சு.

ஒரு சனிக்கிழமை காலை மகன் என்னை ரையடர் என்ற சின்னச் சந்தை ஊரில் கொண்டுபோய் விட்டான். வை ஆற்றின் கரையில் இருக்கிற ஊர். வேல்ஸ் மொழியில் அந்தப் பெயருக்கு அருவி என்று பொருள். அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் 9 மைல் நடைபாதை போகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அணை கட்டக் கல்லும் சிமெண்டும் ஏற்றிப்போன ரயில் பாதைதான் அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் விட்டுட்டாங்க. வழியில் பழைய ரயில் சுரங்கம் ஒன்று வருகிறது. அதை வௌவால்களுக்கு ஒதுக்கி மூடி வைத்திருக்கிறார்கள்.

கொஞ்ச தூரம் ஓக் மரக்காடு. மேலே போகப் போக மரமே இல்லாத புல்மலை. எங்கே பார்த்தாலும் செம்மறி ஆடு. ஆள் நடமாட்டம் ரொம்பக் குறைவு. காதில் விழுந்ததெல்லாம் தண்ணிச் சத்தமும் ஆட்டுச் சத்தமும்தான். எனக்கு முன்னால் போன குடும்பம் ஒன்று, என்ன ஒரு அமைதி என்று பேசிக்கொண்டே போனது. எனக்கு அந்த அமைதிதான் உறுத்தியது. ஆறு ஓடுது, புல் வளருது, வருஷத்துக்கு 1,800 மில்லிமீட்டர் மழை கொட்டுது. இப்படி ஒரு இடத்தில் குடியானவன் வீடு ஏன் இத்தனை குறைவாக இருக்கணும்?

ஆதியிலிருந்தே யாரும் இல்லாத காடு என்று நினைத்துவிடாதீங்க. தென் வேல்ஸை ஆண்ட ரீஸ் அப் கிரிஃபித் என்ற சிற்றரசர், 1184இல் இந்த மலைகளை ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா என்ற கிறிஸ்தவ மடத்துக்கு எழுதி வைத்தார். அந்தத் துறவிகள் செம்மறி வளர்த்துக் கம்பளி விற்றே பெரிய ஆட்களானவர்கள். அவர்கள் மடத்திலிருந்து இன்னொரு மடத்துக்கு நடந்துபோன மலைப்பாதை இன்னும் இருக்கிறது. துறவிகளின் தடம் என்றே அதற்குப் பெயர். மடங்கள் 16ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டன. நிலம் மாறி மாறிப் பெரிய பண்ணையார்கள் கைக்குப் போனது. ஆனால் ஆட்டோடு கிடந்து பாடுபட்டவர்கள் குத்தகைக் குடிகள்தான்.

அவர்கள் பிழைப்பு எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும். மலை வேல்ஸில் ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வீடு இருந்த காலம் உண்டு. பள்ளத்தில் இருக்கிற குளிர்கால வீட்டுக்கு ஹென்ட்ரே என்று பெயர். மேட்டில் இருக்கிற கோடைக் குடிசைக்கு ஹவோட். கோடையில் மந்தையை மேலே ஓட்டிவிட்டு, கீழே ஆற்றோரத்து வயலில் புல்லை வளர்த்து அறுத்துக் காயவைத்துப் போர் போடணும். பனிக்காலம் முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தப் போர்தான் உயிர். மலை எத்தனை ஆயிரம் ஏக்கர் இருந்தாலும், கீழே நாலு ஏக்கர் வைக்கோல் நிலம் இல்லைன்னா அந்தப் பண்ணை படுத்துடும்.

இன்னொன்றும் கேட்டுக்கங்க. அங்கே மேட்டு நிலத்துக்கு வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லையை விட்டுப் போகாது. தாய் ஆடு குட்டிக்குப் பழக்கும், குட்டி தன் குட்டிக்குப் பழக்கும். இந்த வாழிடப் பழக்கத்தை வேல்ஸ் மொழியில் கனெவின் என்கிறார்கள். பண்ணை கை மாறினாலும் பழகிய மந்தையை மலையிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். ஆட்டுக்கு அந்த மண்ணில் இருந்த பிடிமானம், குத்தகைக்காரனுக்குச் சட்டத்தில் இல்லாமல் போனது.

1811இலும் 1812இலும் ஷெல்லி என்ற ஆங்கிலக் கவிஞர் இங்கே வந்து தங்கினார். முதலில் உறவினரின் கூம் எலான் மாளிகை, அடுத்த வருஷம் மனைவியோடு நான்ட்குவில்ட் என்ற வீடு. இந்த வீட்டைக் குத்தகைக்கு எடுக்க அவர் ஆசைப்பட்டும் கைகூடவில்லை. அந்த ரெண்டு வீடுமே இப்போது தண்ணிக்குள்ளே.

இனி நகரத்தின் பக்கம். 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் தொழிற்சாலைகளால் வீங்கிய ஊர். கிணறெல்லாம் சாக்கடை கலந்து கெட்டுப்போய், டைஃபாய்டும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. 1870களில் ஜோசப் சேம்பர்லைன் மேயராக இருந்தபோது, தனியார் கையில் இருந்த குடிநீர் வியாபாரத்தை மாநகராட்சியே வாங்கியது. அப்புறமும் சுத்தத் தண்ணி போதவில்லை. ஆகவே அந்த நகரத்தின் தேவையைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். செத்துப்போன குழந்தைகள் நிஜம்.

ஜேம்ஸ் மான்சர்க் என்ற பொறியாளர் எலான் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார். நல்ல மழை, தண்ணி உள்ளே இறங்காத பாறை, அணை கட்டத் தோதான குறுகலான கணவாய். எல்லாத்துக்கும் மேலே, இடம் பர்மிங்ஹாமைவிட உயரம். 118 கிலோமீட்டரில் மொத்த இறக்கமே சுமார் 52 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. வாய்க்கால் வெட்டி மட்டம் பார்த்த ஆளுக்குத்தான் இதன் அருமை தெரியும். தண்ணி போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிறது. 1892இல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அடுத்த வருஷம் வேலை ஆரம்பம்.

வேலையாட்களுக்காக ஆற்றங்கரையில் மரத்தாலேயே ஒரு கிராமம் எழுப்பினார்கள். மாநகராட்சி அதை எப்படி நடத்தியது என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. புதுசாக வருகிற ஆள் நேராக ஊருக்குள் போக முடியாது. தொற்று நோய், பேன் எதுவும் இல்லை என்று உறுதியாகும்வரை தனிக் கொட்டகையில் தங்கணும். பாலத்தில் காவல்காரர் நின்று, திருட்டுச் சாராயம் போகுதான்னு வண்டியைச் சோதிப்பார். ஊருக்குள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மதுக்கடை எல்லாம் இருந்தன. மதுக்கடையில் ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. கூலிக்காரர்கள் அடைசலில் கிடந்து சாவது சகஜமாக இருந்த காலத்தில் இது பெரிய காரியம்தான். வேலை முடிந்ததும் மரவீடுகளை எடுத்துவிட்டுக் கல் வீடுகள் கட்டினார்கள். அந்தச் சின்ன எலான் கிராமம் இன்றும் அழகாக இருக்கிறது.

கிராமத்தைத் தாண்டினதும் முதல் அணை, காபன் கோக். அதற்கு மேலே காரெக் தீ, பென்-அ-காரெக், க்ரைக் கோக் என்று வரிசையாக வருகின்றன. என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது காரெக் தீதான். பாதை பாலம் மாதிரி அதன் மேல் போகும். கீழே அணை இருப்பதே தெரியாது, ஏன்னா அது தண்ணிக்குள்ளே முங்கிக் கிடக்கிற சுவர். ஏரிக்குள்ளே இன்னொரு கரை. கோடையில் காபன் கோக்கில் நீர் இறங்கினாலும், இந்தச் சுவர் தனக்குப் பின்னால் உள்ள தண்ணியை இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் கோபுரம் போல நிற்கிற மதகு வழியாக பர்மிங்ஹாமுக்குப் போவது அந்தத் தண்ணிதான். சுவருக்கு முன்னால் உள்ள தண்ணியை, கீழே வை ஆறு வற்றாமல் இருக்கத் திறந்துவிடணும். இதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

1904 ஜூலை 21 அன்று மன்னர் ஏழாம் எட்வர்டும் ராணி அலெக்ஸாண்ட்ராவும் வந்து திறந்து வைத்தார்கள்.

தண்ணிக்குள் போனவை: மூன்று மாளிகைகள், 18 பண்ணைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம். சுமார் 100 பேர் வெளியேற வேண்டியிருந்தது. நஷ்ட ஈடு கிடைத்தது நிலச் சொந்தக்காரர்களுக்கு மட்டும். தலைமுறையாகக் குத்தகைக்கு உழைத்தவர்களுக்கு எதுவும் இல்லை. தேவாலயத்துக்குப் பதிலாக மாநகராட்சி வேறொரு தேவாலயம் கட்டிக் கொடுத்தது. அது காரெக் தீ பாதையின் மறுகரையில் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. கும்பிட வேண்டிய ஜனங்கள்தான் போய்விட்டார்கள்.

நூறு பேர்தானே, லட்சக்கணக்கான பேருக்குத் தண்ணி கிடைச்சுதே என்று உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கை விவசாயி கண்ணால் கொஞ்சம் பாருங்க. மாநகராட்சி வாங்கிய நிலம் சுமார் 45,000 ஏக்கர். அதில் முங்கியது சின்னப் பங்குதான். முங்கியது எது? ஆற்றோரத்துப் பள்ள நிலம், அதாவது வைக்கோல் விளைகிற நிலம். மேலே மலை அப்படியே இருக்கு. கீழே போர் போட இடம் இல்லாதவன் அந்த மலையை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவான்? அணைத்தண்ணி ஊரின் மடியைப் பிடித்துவிட்டது.

அதே 1892 சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. மாநகராட்சி வாங்கிய மேய்ச்சல் பொது நிலத்தில் பொதுமக்கள் காற்று வாங்கவும் நடக்கவும் உரிமை உண்டு, அதை யாரும் தடுக்கக் கூடாது என்கிறது அது. அந்தக் காலத்தில் பிரிட்டனின் பல மலைகளில், வேட்டைக்காக நிலத்தை வளைத்துப் போட்டவர்கள் நடக்கிறவனைத் துரத்தினார்கள். அதனால் இது பெரிய விஷயம். அன்றைக்கு நான் தடையில்லாமல் நடந்ததற்கு இந்த விதிக்கும் நன்றி சொல்லணும். ஆனால் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நிலச் சொந்தக்காரனுக்குப் பணம், ஆற்றுக்குத் தண்ணி, சாமிக்குக் கோயில், உல்லாசமாக நடக்க வருகிறவனுக்கு உரிமை. எல்லாருக்கும் ஒரு வரி எழுதியவர்கள், உழுதவனுக்கு எழுதவில்லை.

எலான் ஜனங்களின் பேச்சு வெளியே பெரிசாகக் கேட்கவில்லை. அறுபது வருஷம் கழித்து அது மாறியது. வடக்கு வேல்ஸில் கேப்பல் கெலின் என்ற, வேல்ஸ் மொழி பேசிய கிராமத்தை லிவர்பூல் மாநகராட்சி தன் தண்ணிக்காகக் கேட்டது. 1956இல் ஊர் ஜனங்கள் லிவர்பூல் தெருக்களிலேயே ஊர்வலம் போனார்கள். வேல்ஸின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடாமலேயே 1957இல் சட்டம் நிறைவேறியது. 1965இல் ஊர் முங்கியது. 2005இல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. 'ட்ரவெரினை மறக்காதீர்கள்' என்று ஒரு பாழ்சுவரில் எழுதிய வாசகம் வேல்ஸ் முழுக்கப் பிரசித்தம். ட்ரவெரின் அந்தப் பள்ளத்தாக்கின் ஆறு.

பென்-அ-காரெக் அணைக்கு மேலே உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டபோது, வால் பிளந்த செம்பழுப்புப் பருந்துகள் மூன்று தலைக்கு மேல் வட்டமிட்டன. ரெட் கைட் என்பார்கள். பிரிட்டன் முழுக்கச் சுட்டும் விஷம் வைத்தும் அழித்த பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய வேல்ஸில் மட்டும் விரல்விட்டு எண்ணுகிற ஜோடிகள் மிஞ்சின. இப்போது பெருகிவிட்டன. மனுஷன் குறைந்த இடத்தில் பறவைக்கு இடம் கிடைத்தது உண்மை. அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த அமைதி இயற்கையாக வந்தது இல்லை, உண்டாக்கியது. நகரத்தில் இருக்கிற நீங்க இதுபோன்ற இடத்துக்கு நடக்கப் போனால், காட்சியோடு திரும்பிவிடாதீங்க. கல் சுவர் ஒன்று நேராக இறங்கி ஏரிக்குள் போகுதா, பாதை ஒன்று தண்ணி விளிம்பில் நின்றுபோகுதா என்று பாருங்க. யாரும் இல்லாத மேட்டில் நாலைந்து மரம் மட்டும் நட்டது போல வட்டமாக நின்றால், அங்கே பெரும்பாலும் ஒரு வீடு இருந்திருக்கும். மழை பொய்த்த வருஷங்களில் காபன் கோக் நீர்த்தேக்கம் இறங்கும்போது, நான்ட்குவில்ட் வீட்டுத் தோட்டச் சுவர்கள் இன்னும் வெளியே தெரிகின்றன.