ரயில் ஏறாத கப்பல்

தனுஷ்கோடியில் ரயில் அப்படியே கப்பலில் ஏறி இலங்கைக்குப் போனது என்று நம் பக்கத்தில் இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்மையில் தண்டவாளம் துறைமேடையோடு முடிந்துவிட்டது. சென்னை எழும்பூரிலிருந்து ‘போட் மெயில்’ ரயிலில் வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி நீராவிக் கப்பலில் ஏறினார்கள். சுமார் 35 கி.மீ. கடலைக் கடந்து, தலைமன்னாரில் காத்திருந்த வேறு ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்புக் கோட்டை வரை செல்லும். ஆனால் பெட்டி செல்லாது. ஏன் செல்லவில்லை என்பதை ஜோலார்பேட்டையிலிருந்து பார்த்தால் எளிதில் விளங்கும்.

ரயிலையே சுமக்கும் கப்பல் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் 1850இல் கிராண்டனுக்கும் பர்ன்டைலாண்டுக்கும் இடையே ‘லெவையதன்’ என்ற கப்பல் சரக்குப் பெட்டிகளைத் தளத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஓடியது. அதில் கடினமான பகுதி கப்பல் அன்று, கரை. கடல்மட்டம் ஏறி இறங்கும்போது கப்பலும் கூடவே ஏறி இறங்கும். கரைத் தண்டவாளமோ அசையாது. இரண்டையும் இணைக்க, சாய்வை மாற்றிக்கொள்ளும் ஒரு பாலத்தைத் தாமஸ் பவுச் என்ற பொறியாளர் அமைத்தார். இன்றுவரை எல்லா ரயில் கப்பல் துறைகளுக்கும் அதுவே அடிப்படை. எஞ்சினின் எடை அந்தப் பாலத்தின்மேல் விழாதபடி, இடையே சில காலிப் பெட்டிகளைக் கோத்துச் சரக்குப் பெட்டிகளை உள்ளே தள்ளுவது பல துறைகளில் வழக்கம். ஒரு பக்கமே பாரம் ஏறினால் கப்பல் சாயும். ஆகவே இரு பக்கத் தண்டவாளங்களிலும் மாற்றி மாற்றி ஏற்றிச் சங்கிலியால் இறுக்கிக் கட்டுவார்கள். இத்தாலியில் மெசினா நீரிணையை இன்றும் பயணிகள் ரயில்கள் இப்படித்தான் கடக்கின்றன. நம் நாட்டில் பிரம்மபுத்திராவின் அமின்காவ்–பாண்டு துறைகளுக்கிடையே சரக்குப் பெட்டிகள் படகில் கடந்தன; 1962இல் சராய்காட் பாலம் வந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

இதற்கெல்லாம் முதல் நிபந்தனை, இரு கரைகளிலும் தண்டவாள அகலம் ஒன்றாக இருப்பது. மண்டபம் வரை 1902இல் வந்து, 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலத்தைத் தாண்டித் தனுஷ்கோடியைத் தொட்ட தென்னிந்திய ரயில்வேயின் பாதை மீட்டர் கேஜ். இலங்கையிலோ 1,676 மி.மீ. அகலப்பாதை. 1864இல் பெங்களூர்க் கிளை பிரிந்தது முதல் சந்திப்பாக விளங்கும் ஜோலார்பேட்டையிலும் அதே அகலம்தான்! நம் ஊரில் நின்ற பெட்டியின் சக்கரம் தலைமன்னார்த் தண்டவாளத்தில் பொருந்தியிருக்கும். போட் மெயிலின் சக்கரம் பொருந்தியிருக்காது. வேலூர் கன்டோன்மென்ட்டிலிருந்து மீட்டர் கேஜில் வந்து காட்பாடியில் வண்டி மாறிய தலைமுறைக்கு இந்தச் சிரமம் தெரியும். கடலில் அதே மாற்றத்தை ‘கர்சன்’, ‘எல்ஜின்’, ‘ஹார்டிஞ்ச்’ என்ற கப்பல்களும், பின்னாளில் ‘இர்வின்’, ‘கோஷன்’ கப்பல்களும் செய்துகொடுத்தன.

போட் மெயிலைப் பற்றி எழுதுபவர்கள் அதன் சாப்பாட்டுப் பெட்டியையும் வெள்ளைக்காரத் துரைகளையும்தான் அதிகம் நினைவுகூர்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கடல்வழியின் பெரிய வரலாறு, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு, ஆள்சேர்த்த கங்காணிகளின் பின்னே போன நம் மக்களின் வரலாறு. அவர்களை இலங்கை அரசு மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்தி, தொற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கப்பலேற்றியது. அந்த முகாமின் பெயர் ‘மண்டபம் கேம்ப்’ என்று ரயில் நிலையத்தில் இன்றும் நிற்கிறது.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும், அங்கே வந்துகொண்டிருந்த பாம்பன் பாசஞ்சரையும், அதிலிருந்த அத்தனை பேரையும் கொண்டுபோயிற்று. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. கங்காணிகள் அழைத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தியாவுக்குத் திரும்பியபோது, அவர்களை ஏற்றிவந்த ‘ராமானுஜம்’ கப்பல் வந்து சேர்ந்த இடம் ராமேஸ்வரம். 1980களின் நடுவில் இலங்கைப் போரால் அதுவும் நின்றது.

இப்போது நிலைமை வேறு. மானாமதுரை–ராமேஸ்வரம் பாதை 2007இல் அகலப்பாதையானது. போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய தூக்குப் பாலம் வந்துவிட்டது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ சரக்கேற்றிய பெட்டி, ஜோலார்பேட்டை வழியாக ராமேஸ்வரம் வரை அகலம் மாறாமலே போகலாம். மறுகரையிலும் அதே அகலம் காத்திருக்கிறது. 1914இல் இல்லாத முதல் நிபந்தனை இன்று நிறைவேறியிருக்கிறது. இனி வேண்டியவை ஆழமான துறை, ஏறி இறங்கும் பாலம், இரு அரசுகளின் சம்மதம். சக்கரம் பொருந்துமா என்ற ஐயத்துக்கே இடமில்லை: பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை கட்டிய டீசல் ரயில்கள் இலங்கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை சென்னைத் துறைமுகத்தில் கிரேனால் தூக்கிக் கப்பலில் வைக்கப்பட்டு, வெறும் சரக்காகவே கடல் கடந்தன.