யாழும் கணக்கும் மருந்தும்



திருகோணமலை என்றதும் துறைமுகத்தையும் கோணேசர் ஆலயத்தையும் பேசி அமைவதே நம்மவர் வழக்கம். இத்துறைமுகத்துக்காகச் சண்டையிட்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் வரிசையைப் பாடசாலைப் பிள்ளையும் ஒப்புவிக்கும். அந்தப் பட்டினத்து இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண மிஷன் ஏற்றபோது அதன் பொறுப்பைத் தாங்கியவரைப் பற்றியே இன்று நான் பேச விழைகிறேன். அவர் காரைதீவிலே 1892இல் மயில்வாகனனாகப் பிறந்து, 1924இல் துறவு பூண்ட சுவாமி விபுலானந்தர்.

அடிகளாரைத் தமிழ்ப் பேராசிரியராக எல்லோரும் அறிவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறையின் முதற் பேராசிரியர் அவரே. ஆனால் அவர் பிழைப்புக்குப் படிப்பித்தது விஞ்ஞானம். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனம்; யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறியவர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். இவ்விரண்டு படிப்பும் ஒரே நூலிற் கூடியதுதான் ‘யாழ் நூல்’. கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆந் திகதி அடிகளார் மறைந்தார்.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இசை எனக்குக் கேள்வி ஞானந்தான். ஆயினும் அந்நூலைத் திறந்தபோது முதலிற் கண்ணிற் பட்டவை பின்னங்களே. ஒருமுறை வகுப்பிலே பலகை ஒன்றில் 90 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கம்பி கட்டினேன். முழுக் கம்பியின் ஒலியைக் குரல் என்று கொண்டால், 60இல் அழுத்த இளி பிறக்கிறது, அறுபத்தேழரையில் உழை, 45இல் மேற்குரல். மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று, இரண்டில் ஒன்று. இம்மூன்று பின்னங்களைப் பிள்ளைகள் செவியாற் கண்டுகொண்டார்கள். பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. இளிக்கு இளி, அதற்கும் இளி என்று பன்னிரண்டு முறை ஏறினால் ஏழாவது மேற்குரலுக்கே வந்து சேரவேண்டும். வருவதில்லை. நூற்றுக்கு 1.36 பங்கு மிஞ்சி நிற்கிறது. கிரேக்கத்துப் பைதகரஸ் மரபினர் முதல் சீனத்து இசைவாணர் வரை எல்லோரையும் அலைக்கழித்த மிச்சம் இது.

குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்பது பழந்தமிழ் அலகுக் கணக்கு. கூட்டினால் 22. யாழுக்கு வீணைபோல மெட்டுகள் இல்லை. ஒரு நரம்புக்கு ஓர் ஒலிதான். ஆகவே எந்த நரம்பைக் குரலாகக் கொள்வது என்பதை மாற்றித்தான் புதிய பாலையைப் பெறவேண்டும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரையும் சொல்லும் இந்தச் செய்தியை, எண்ணிப் பார்த்து நிறுவ முயன்றார் அடிகளார்.

இந்த 22ஐ மறுத்து 24 என்று வாதிட்டவர் ஒரு வைத்தியர் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) கருணானந்தர் என்ற முனிவரிடம் மூலிகை மருத்துவம் கற்று, அவர் பெயரால் மருந்து செய்து விற்றவர். அந்த வருமானத்திலே இசை மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடா மாநாட்டிலே தம் கொள்கையை நிலைநாட்டப் பேசினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். மேற்குரல் வரையுள்ள இடைவெளியை 24 சம படிகளாகப் பகுத்தால் 14ஆம் படி 1.4983இல் நிற்கும், இயற்கை இளியோ 1.5. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே பேதம். கணக்கின் ஒழுங்குக்காகச் செவியின் இனிமையை இம்மியளவு விட்டுக்கொடுக்கலாமா? இது வெறும் எண்சண்டை அன்று. என் மனம் அடிகளார் பக்கமே சாய்கிறது. எனினும், பகலிலே சூரணம் இடித்தவர் இரவிலே வர்க்கமூலம் எடுத்த துணிவை மெச்சாதிருக்க இயலாது.

மருத்துவம் வந்துவிட்டபடியால் மானிப்பாயையும் சொல்லிவிடுகிறேன். 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம் என்று நூல்கள் செய்தார். வட்டுக்கோட்டையிலே கறல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ எழுதியதும் அக்காலமே, 1855இல். அதே மானிப்பாயிலே 1920இல் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர் நம் அடிகளார். 1936இல் சென்னைக் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரைத் தலைவராக்கியது தற்செயலன்று. இரசாயனத்துக்கும் கணிதத்துக்கும் சொல் தேடியவரே பண்ணுக்கும் பாலைக்கும் பொருள் தேடினார்.

இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. இசை கற்க மட்டக்களப்புக் கல்லடிக்குப் போகவேண்டும். அங்குள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு அடிகளார் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. பெயர் இருக்கிறது, நூலைப் படிப்பார்தாம் அரியர். இசை கற்றவர் பின்னத்தைக் கண்டு மிரள்கிறார். கணிதம் கற்றவருக்குத் துத்தமும் விளரியும் தெரியாது. தமிழ் கற்றவர் பாயிரத்தோடு நின்றுவிடுகிறார். விழாக்களிலே பொன்னாடை போர்த்திப் புகழப்படும் நூல், அலுமாரியிலே கிடக்கிறது.

எங்கள் ஊர்ச் சங்கீத ஆசிரியை ஒருவரும் நானும் இப்போது சனிக்கிழமைகளில் அதைச் சேர்ந்து படிக்கிறோம். கணக்கை நான் போடுகிறேன். அவர் வயலினில் வாசித்துக் காட்டி, “மாஸ்ரர், இந்த இடத்தில நரம்பு சேரேல்லை, திரும்பப் பாருங்கோ” என்கிறார். பாலைத்திரிபியல் முடிந்தது. பண்ணியல் இன்னும் இருக்கிறது.